அந்த ஒரு வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்?

அமெரிக்காவில், அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் நர்ஸ் ஆவதற்கான படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கவுன்சிலுக்கும், அந்தப் படிப்புகளின் சேர்க்கைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

பதினொரு வருடமாக இங்கே ஓர் இருதய ஐ.சி.யூ.வில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான்தான் பிரிசெப்டர், அதாவது கூடவே நின்று வேலை பழக்குபவள். அவர்களில் பலர் மயக்க மருந்துப் படிப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் ஐ.சி.யூ.வுக்கே வருகிறார்கள். அதில் தப்பே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படிப்பில் சேர விதி கேட்கும் 'குறைந்தது ஒரு வருட தீவிர சிகிச்சை அனுபவ'த்தை, ஓரியன்டேஷன் என்ற ஆரம்பப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.

நர்சிங் முடித்து நேராக ஐ.சி.யூ.வுக்கு வருபவருக்கு ஓரியன்டேஷன் மூன்று மாதம் ஆகும், சில இடங்களில் ஆறு மாதம்கூட ஓடும். அதுவரை அவர் தொடும் ஒவ்வொரு மருந்து பம்புக்கும் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். அதையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் என்றால், தனியாக நின்று முடிவெடுத்தது ஆறிலிருந்து ஒன்பது மாதம்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு இரவு, மூன்று மணி இருக்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, உதவியாளர் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். உடனே மானிட்டரில் ரத்த அழுத்தம் சரிந்தது. என்னிடம் பயின்ற பெண், கெட்டிக்காரி, அழுத்தத்தை ஏற்றும் நார்எபினெஃப்ரின் மருந்தின் பம்பில் விரலை வைத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக் கம்பத்தைக் காட்டினேன். கட்டில்தான் இறங்கியிருந்தது, ரத்தக்குழாய்க்குள் போட்ட ஆர்ட்டீரியல் லைனின் ட்ரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை அளக்கும் கருவி, கம்பத்தில் பழைய உயரத்திலேயே இருந்தது. அது இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தாலே ரத்த அழுத்தத்தை ஏழெட்டு மில்லிமீட்டர் (பாதரச அளவில்) குறைத்துக் காட்டும். அதை இறக்கிச் சரிசெய்ததும் அழுத்தம் பழையபடி வந்துவிட்டது. நோயாளிக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. ஆனால் மருந்தை ஏற்றியிருந்தால் அழுத்தம் எகிறி, தையலில் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்று மதியம்தான் அவருக்கு ஆபரேஷன் முடிந்து நெஞ்சைத் தைத்திருந்தார்கள்.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாகவே எழுதியிருப்பாள். எண்ணைப் பார்த்ததும் பம்புக்குப் போகாமல் முதலில் நோயாளியின் முகத்துக்குப் போகும் கண், தனியாக நின்ற இரவுகளில்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

'அதெல்லாம் படிப்பில் கற்றுக்கொடுப்போமே' என்பீர்கள். படிப்பு குறைந்தது 36 மாதம், அதில் 2,000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி, மயக்கம் கொடுத்த 600 கேஸ் என்று எனக்கும் தெரியும். மூச்சுக்குழாய் போடுவதும் வாயுக்களைக் கையாள்வதும் அங்கே வரட்டும். ஆனால் தீவிர சிகிச்சை என்றால் என்னவென்று நீங்களே வரையறுத்து வைத்திருக்கிறீர்கள்: வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகள், உடலுக்குள் செலுத்திய கண்காணிப்புக் குழாய்கள். இவற்றைத் தானே கையாண்டவர் வேண்டும் என்பதால்தானே அந்த வரையறை? இந்த நாட்டின் பல கிராமப்புற மருத்துவமனைகளில் மயக்கம் கொடுப்பவர் ஒரே ஒரு நர்ஸ். அங்கே கையைப் பிடிக்க யாரும் இல்லை.

அப்புறம், மதுரையில் நான் பார்த்த நான்கு வருட ஐ.சி.யூ. உங்கள் கணக்கில் வராது. அமெரிக்காவிலோ அதன் ராணுவ மருத்துவமனைகளிலோ பார்த்ததுதான் செல்லும் என்பது விதி. வருத்தம்தான், ஆனாலும் காரணம் புரிகிறது: அங்கே நான் என்ன செய்தேன் என்று உங்களால் சரிபார்க்க முடியாது. சரி, இங்கே சரிபார்க்க முடிவதையாவது சரிபார்க்கலாமே.

காத்திருப்பு நீண்டால் குடும்பம், கடன் என்று இருப்பவர்களுக்குக் கஷ்டம் என்பது தெரிந்துதான், நான் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கேட்கவில்லை. எண்ணத் தொடங்கும் நாளை மட்டும் தள்ளி வையுங்கள். சில கல்லூரிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. எல்லாருக்கும் ஒரே விதியாக்குங்கள். அதுவரை நேர்காணலில் ஒரு கேள்வி சேருங்கள்: பிரிசெப்டர் இல்லாத உங்கள் முதல் இரவில் எந்த நோயாளியைப் பார்த்தீர்கள், அவருக்கு என்னென்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது?

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் நர்ஸ் ஒருத்தி