ஷில்பாவுக்கு முன்னரே ரோஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்த் திரையில் திருநங்கையர் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, ‘அப்பு’ (2000) படத்தின் மகாராணி என்ற திருநங்கைப் பாத்திரத்தில் தொடங்கி, ‘காஞ்சனா’வைத் (2011) தொட்டு, ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பாவோடுதான் கண்ணியமான சித்திரிப்பு தொடங்கியது என்று முடிகிறது. ஷில்பாவாக வந்த விஜய் சேதுபதியின் நடிப்பில் எனக்குக் குறையில்லை. தேசிய விருதும் பொருத்தமானதே. ஆனால் கட்டுரையாளர் சினிமாக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை என்பதே என் வருத்தம்.

2008இல் விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சி வந்தபோது, ரோஸ் என்ற திருநங்கை தொகுப்பாளராக அமர்ந்து, குடும்பங்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கிய செய்திகளைப் பற்றி விருந்தினர்களிடம் கேள்வி கேட்டார். முதல் தடவை “சேனலை மாத்து” என்ற என் மாமியார், சில வாரங்கள் கழித்து, “அந்தப் பொண்ணு கேட்டதுக்கு இவர் பதிலே சொல்லலையே” என்று விருந்தினர்மீது அலுத்துக்கொண்டார். அதுவரை திரையில் கண்டு சிரித்த ஒருவரை எங்கள் வீட்டில் ‘அந்தப் பொண்ணு’ என்று சொல்லவைத்தது சின்னத்திரைதான்.

திருநங்கை வேடத்தில் திருநங்கையே நடித்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ‘ஐ’ (2015) படத்தில் ஒப்பனைக் கலைஞராக வந்த ஓஜஸ் ரஜானி, நிஜ வாழ்விலும் திருநங்கை, ஒப்பனைக் கலைஞர். இருந்தும் அந்தப் பாத்திரம் கேலிக்கும் வெறுப்புக்கும் உரியதாகவே எழுதப்பட்டிருந்ததால் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஷில்பாவும், பிச்சையெடுக்கவைக்கும் கும்பலுக்காகக் குழந்தைகளைக் கடத்தியதாக ஒப்புக்கொள்ளும்படிதானே எழுதப்பட்டாள்? நடிப்பைப் பாராட்டும் கட்டுரை, இந்தப் பழியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

கல்கி சுப்ரமணியம் நாயகியாக நடித்த ‘நர்த்தகி’ (2011) ‘காஞ்சனா’ வெளியான அதே ஆண்டில் வந்தது. ‘சூப்பர் டீலக்ஸ்’ வெளியாவதற்கு இரண்டு மாதங்களுக்குள்ளாக வந்த ‘பேரன்பு’ படத்தில், மம்மூட்டியின் வாழ்க்கைத் துணையாகும் மீராவாக நடித்தவர் அஞ்சலி அமீர் என்ற திருநங்கை. இவ்விரண்டும் கட்டுரையில் இடம்பெறவில்லை.

இத்தொடரின் அடுத்த பகுதியில் விடுபட்டவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன். அதை எழுதும் வாய்ப்பை ஒரு திருநங்கைக்கே அளித்தால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்.