அரெங்கா அந்தக் குட்டையில் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த சுற்றுலாக் கட்டுரையை வாசித்தேன். அரெங்கா என்ற பறவையைப் பார்க்க விரும்புகிறவர்கள் விடியற்காலையிலேயே பட்டிப்பொல வாசலைத் தாண்டி, வீதியோரம் இருக்கும் குட்டைக்குப் போய்விட வேண்டும் என்று அதில் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் வாசிக்கிறவர்கள், அந்தப் பறவையின் வீடே அந்தக் குட்டைதான், தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒஹியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆட்களை வேலைக்கு அனுப்பி மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தோட்டத்தின் மேல் எல்லையில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இறங்கும் ஓடையிலும் அரெங்கா இருந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் சேருமுன் மலையைச் சுற்றிப் பார்க்கப் போகிற வழக்கம் எனக்கு. பனி மூடிய காலைகளில் அதன் விசிலைக் கேட்டிருக்கிறேன். பாறையில் விழுகிற தண்ணீரின் இரைச்சலில் மற்றக் குருவிகளின் சத்தம் ஒன்றும் காதில் ஏறாது. இதன் விசில் மட்டும் கம்பி இழுத்தாற்போல மெலிதாக, கூர்மையாக வந்துவிடும். சத்தம் வந்த பக்கம் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அசையாமல் நின்றால், பாசி பிடித்த கல்லில் மைனாவைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு கரிய உருவம் வந்து நிற்கும். வாலை விரித்து மடக்கும். ஈர இலைகளைக் கொத்திப் புரட்டிப் பூச்சி தேடும், சின்னத் தவளை கிடைத்தாலும் விடாது. ஆணின் தோளில் ஒரு நீலத் திட்டு உண்டு. வெளிச்சம் சரியாகப் பட்டால்தான் அது மினுங்கும், இல்லாவிட்டால் வெறும் கறுப்புக் குருவிதான். பெண் தவிட்டு நிறம்.

உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை இது. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் இதை விவரித்து, அறிவியல் பெயரில் சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரை வைத்தார். காட்டை அழித்துக் கோப்பி போட்ட துரைமாரில் ஒருவருடைய பெயர், அந்தக் காட்டுப் பறவைக்கு! சரி, அது கிடக்கட்டும்.

பறவைப் புத்தகங்களைத் திறந்தால், ஏறத்தாழ 900 மீற்றருக்கு மேற்பட்ட மத்திய மலைநாட்டை இதன் பரம்பல் என்று நிறம் தீட்டிக் காட்டுவார்கள். நக்கிள்ஸ், ஹக்கல, பிதுருதலாகல, சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி எல்லாம் அதற்குள் வரும். படத்தைப் பார்த்தால் நிறைய இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மலைநாடு முழுவதும் அதற்கு வீடாகாது. வேகமாக ஓடுகிற தண்ணீர், பெரிய ஈரப் பாறைகள், இரு கரையிலிருந்தும் மரம் வளர்ந்து மேலே மூடிய நிழல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். தண்ணீரை ஒட்டிய பாறை இடுக்கிலோ மரக்கிளைக் கவட்டிலோ பாசியும் வேரும் சேர்த்துக் கூடு கட்டும். மஞ்சள்காது கொண்டைக்குருவியும் மலைநாட்டுப் பறவைதான், இலங்கைக்கே உரியதுதான், ஆனால் அது குவாட்டர்ஸ் தோட்டத்துப் பழமரத்துக்கே வந்துவிடும். அரெங்கா தேயிலைக்குள் வந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆகவே படத்தில் தீட்டிய நிறத்தை நம்பாமல், அதற்குள் ஓடுகிற நீலக் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றிலும் கரையில் காடு மிச்சமிருக்கிற கோடுகளை மட்டும்.

ஐயாயிரம் அடிக்கு மேல் காட்டை வெட்டாமல் விட வேண்டும் என்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்னதைக் கேட்டதால்தான் மேல் காடுகள் தப்பின. அதற்குக் கீழே தோட்டங்களுக்குள் ஓடைக்கரைக் காடு மிஞ்சியதற்கு யாருடைய அறிவுரையும் காரணமில்லை. கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலைக்குக்கூட ஆள் இறங்க மறுக்கிற செங்குத்து அது, அவ்வளவுதான்.

அந்தக் கரையும் பிறகு போனது. எங்கள் தோட்டத்தில் தொழிற்சாலை அடுப்புக்கு விறகென்று முதலில் பெரிய மரங்களை எடுத்தார்கள். அந்த இடத்தில் டர்பன்டைன் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டார்கள். அப்புறம் ஓடை விளிம்புவரை லீக்ஸும் கரட்டும் வந்தன. மருந்தடிக்கிற தாங்கியைக் கழுவியதும் அதே தண்ணீரில்தான். நாட்சம்பளம் போதாமல் ஒரு துண்டு நிலத்தில் கரட் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கரையில் போடலாம், எதில் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். விசில் நின்ற வருடத்தை நான் குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்த ஓடையிலிருந்து தண்ணீர் வந்த, தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துப் பீலி, மாசி பங்குனியில் சொட்டத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்களுக்கு அரெங்காவைத் தெரிந்திருக்காது. இரண்டுக்கும் ஒரே ஓடை என்பதைத் தோட்ட நிர்வாகமாவது யோசித்திருக்கலாம்.

2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் அதில் வந்தன. பெரிய காரியம்தான். இவற்றுக்கு இடையே தோட்டங்களுக்குள் ஓடுகிற ஓடைகள் அந்த எல்லைக்குள் வரவில்லை. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் பறவை போக வேண்டுமானால் வழி இந்த ஓடைக்கரைகள்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது, அடுத்த முறை இந்தப் பறவையைப் பற்றி எழுதும்போது செய்தியாளரைத் தோட்டங்களின் மேல் எல்லைக்கும் அனுப்புங்கள். குட்டையைப் பற்றி எழுதினால், அங்கே கைத்தொலைபேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூடு கட்டுகிற பறவைக்கு அது பெரிய தொல்லை.

தோட்ட முகாமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மீள்நடுகைக்கு நிலம் அளக்கும்போது ஓடையின் இரு கரையையும் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். டர்பன்டைனுக்குப் பதில் கீனா போன்ற காட்டு மரக் கன்றுகளுக்கு, நாற்று வளர்க்கும் தவறணையில் ஒரு பாத்தி ஒதுக்கலாம். நிழல் விழுகிற அந்தச் சரிவில் கொழுந்தும் பெரிதாக வராது. அங்கே பேர் போட்டு ஆள் அனுப்பிய எனக்கு அது தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்,
ஒஹிய.