மண் காயாமல் பார்த்துக்கொண்டவருக்கு

மெக்சிகோ நகரத்துத் தமிழ் நண்பர்களுக்கும் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

மகன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடுகிறான், தங்கையோடு சண்டை போடுகிறான். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுக்க வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், டிபன் கேரியரில் ரசமும் பருப்புச் சாதமும் அனுப்பியவர்கள், என் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், மருத்துவர்களின் வேகமான ஸ்பானிஷை நள்ளிரவிலும் பொறுமையாக எனக்கு விளக்கிய தம்பி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது கீழ் வீட்டு சென்யோராவுக்காக, அதாவது கீழ் வீட்டு அம்மாளுக்காக.

மகனுக்கு, ஊதினால் அலறல் போலச் சத்தம் வரும் அந்த மண்டையோட்டு வடிவ ஊதல்மேல் எவ்வளவு பைத்தியம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இந்த நகரத்திலேயே உள்ள த்லாதெலோல்கோவில், பழைய ஆஸ்டெக் மக்களின் காற்றுக் கடவுள் எஹெகாத்லின் கோயிலுக்கு முன்னால் தோண்டியபோது, பலியிடப்பட்ட ஓர் இளைஞனின் எலும்புக்கூட்டோடு சுட்டமண்ணில் செய்த மண்டையோட்டு ஊதல்கள் கிடைத்தன. ஆஸ்டெக் படைகள் ஆயிரக்கணக்கில் இதை ஊதிப் பகைவரை நடுங்கவைத்தன என்று இணையத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிடைத்த இடம் காற்றுக் கடவுளின் வாசல். எனக்கு அதுவே போதுமான விளக்கம். 1521 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியர்களுக்கு எதிரான ஆஸ்டெக்குகளின் கடைசி எதிர்ப்பு முறிந்ததும் அதே த்லாதெலோல்கோவில்தான். அங்கே நின்றுதான் மகன், "அம்மா, நாமே ஒன்று செய்யலாமா?" என்று கேட்டான்.

செய்தோம். முகம் ஒரு பாதி, பின்மண்டை ஒரு பாதி, நடுவில் சின்னக் காற்றறை. ஊதும் காற்று அந்த அறைக்குள் மோதிக் கலைவதால்தான் அலறல் போன்ற அந்தச் சத்தம் வருகிறது. இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு மண் ஒரு பதத்தில் இருக்க வேண்டும்: நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், கையில் எடுத்தால் வளையக் கூடாது. அந்தப் பதம் தாண்டிக் காய்ந்துவிட்டால் எவ்வளவு குழைசேறு (தண்ணீரில் கரைத்த களிமண்) பூசினாலும் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்தாலும் காயும்போதோ சூளையிலோ விட்டுக்கொள்ளும். இரண்டு பாதியும் ஒட்டுவதற்காகச் சமையலறை மேசையில் காத்திருந்த மாலையில்தான் நாங்கள் மருத்துவமனைக்கு ஓடினோம்.

அதன்பிறகு மண்ணை யார் நினைத்தார்கள்?

துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகச் சென்யோராவிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். வந்தவர் மேசையைப் பார்த்திருக்கிறார். வாஹாகா மாநிலத்தில், மண்பாண்டம் செய்கிற ஊரில் பிறந்தவர், பார்த்ததுமே புரிந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, போன் செய்து கேட்கவும் இல்லை. தினமும் மாடியேறி வந்து, ஈரத்துணியால் இரண்டு பாதியையும் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் எந்தத் துணி? தோர்த்தியா (சோள ரொட்டி) சூடு ஆறாமல் இருக்க அவர் சுற்றி வைக்கும் துணி. மூலையில் சிவப்பு நூலில் ஒரு பறவை பின்னியிருக்கும். இப்போது அந்தப் பறவையின் இறக்கையில் களிமண் கறை ஏறியிருக்கிறது. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. கேட்டால், "மண்தானே" என்கிறார்.

வீடு திரும்பியதும் மகன் நேராகச் சமையலறைக்குத்தான் போனான். பையை எடுத்துவிட்டுத் துணியைப் பிரித்தான். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான். தடம் விழுந்தது. அவன் செய்த இடது கண்குழி கோணலாக இருக்கும்; கைத்தொழில் தெரிந்த அந்த அம்மாள் அதைச் சரிசெய்யத் தொடக்கூட இல்லை. அது பையனின் வேலை, அவனே முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். மருத்துவமனையில் நான் அழவில்லை. அங்கே, அந்த மேசைக்கு முன்னால் அழுதேன். அவன் திரும்பி வந்து அதை முடிப்பான் என்பதில், எனக்கே சந்தேகம் வந்துபோன நாட்களிலும், மாடிப்படி ஏறிவந்த ஒருவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

இரண்டு பாதியையும் கீறி, குழைசேறு பூசி ஒட்டினோம். நிழலில் மெதுவாக உலரவிட்டோம். கொயோவாகானில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் தன் பானைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டுக் கொடுத்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். விரிசல் இல்லை. சத்தம் வருகிறது, அப்பப்பா, என்ன சத்தம்! இரவு எட்டு மணிக்குமேல் ஊதமாட்டான் என்று குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் அவன் சார்பில் நான் உறுதி தருகிறேன்.

சென்யோரா, இனி நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுச் செடிகள், பூனை, அடுப்பில் நீங்கள் ஊறவைத்துவிட்டு மறந்த சோளம் எல்லாம் என் பொறுப்பு. கேட்காமலே செய்வேன். இதை மகன் உங்களுக்கு ஸ்பானிஷில் படித்துச் சொல்வான். நடுவில் தன்னைப் பற்றி ஏதாவது சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடிக்கு வாருங்கள், ஊதிக் காட்டப் போகிறான். உங்கள் டிபன் கேரியர்கள் எல்லாம் கழுவித் தயாராக இருக்கின்றன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.