கொப்பியைக் கேக்காத, ராசா

ராசாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமா இருப்பாய், போன் எடுக்காட்டி அப்பிடி நினைக்கிறதைத் தவிர என்ன செய்யிறது. இதைச் சின்ன மாமியின்ர மகள் பிரான்ஸுக்குத் திரும்பி வரேக்க குடுத்து விடுறன். போன்ல கதைக்கிற விசயமில்லை.

முருங்கை இந்த வருசம் காய்ச்சுக் கொட்டுது. மாமான்ர கால் அப்பிடியேதான். சரி அதை விடு. நீ புனர்வாழ்வு முகாமில இருந்த கதையைப் பேஸ்புக்கில எழுதினதைத் தங்கச்சி வாசிச்சுக் காட்டினவள், அம்பேபுஸ்ஸ, ரத்மலானை எண்டு இடம் பேரெல்லாம் போட்டு. வடிவா எழுதியிருக்கிறாய், கொப்பா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பார். உனக்குச் சிங்களம் சொல்லித் தந்த ஆமிக்காரன் உன்னட்டைத் தன்ர பேரைத் தமிழில எழுதப் பழகினவனாம், எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே. பெத்தவளுக்குச் சொல்லாத கதையை முகம் தெரியாத சனத்துக்குச் சொல்லுறாய்.

எழுது, ஆனா பேரைப் போடாத. அஹ்னாப் ஜஸீம் எண்டு மன்னார்ப் பொடியன், வாத்தியார், கவிதைப் புத்தகம் போட்டதுக்கு 2020 மே மாசம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சு ஒன்றரை வருசத்துக்கு மேல உள்ளுக்க வைச்சிருந்தவை. 2023 கடைசியிலதான் குற்றமில்லை எண்டு விட்டது, போன காலத்தை ஆர் திருப்பித் தாறது. அந்தச் சட்டம் 1979ல தற்காலிகம் எண்டு வந்தது, அப்ப நான் சின்னப் பிள்ளை.

புலி இயக்கம் இருக்கேக்க பயப்படேல்லையோ எண்டு கேப்பாய். பயந்தனாங்கள். கவிதை எழுதின செல்வியை, யாழ்ப்பாணம் கம்பஸ் பிள்ளை, 1991ல அவை கொண்டு போனவை, திரும்பி வரேல்லை. அவளின்ர கவிதை வந்த புத்தகத்தைக் கொப்பா கோழிக்கூட்டுக்க வைச்ச கதை உனக்குத் தெரியும். நீ அதை எடுத்து ஒளிச்சு வாசிச்சது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தனான், பிள்ளை வாசிக்குது எண்டு ஒரு பெருமை, ஆரும் கண்டா எண்டு நெஞ்சிடி.

2009ல சண்டை முடிய ஓமந்தைச் சோதனைச் சாவடியில, இயக்கத்தில ஒரு நாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ எண்டு ஆமி லவுட்ஸ்பீக்கரில கூப்பிட நீ எழும்பிப் போனனி. என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. பதினாறு வயசு. உன்னைக் கொண்டுபோய் வைச்சிருந்ததுக்குப் பேர் புனர்வாழ்வு. நான் செட்டிகுளத்து முகாமில கம்பிக்குள்ள. 2010ல உன்னை விடேக்க மீசை அரும்பி குரல் உடைஞ்சு வந்தாய், ஆரோ பெரிய ஆள் அம்மா எண்டு கூப்பிட்ட மாதிரி இருந்தது. சட்டைக்குள்ள அந்தக் கொப்பி.

அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தங்கச்சிட்டைக் கேட்டியாம். ஏன் என்னட்டைக் கேக்கேல்லை? அனுப்பமாட்டன். இங்கயிருந்து ஒரு போட்டோவும் போகாது. கொஞ்சம் முன்னமும் ரெண்டு பேர் வந்து நீ எங்க, என்ன வேலை, எப்ப வருவாய் எண்டு கேட்டவை. தேத்தண்ணி குடுத்து அனுப்பினனான். தங்கச்சிக்கும் கலியாணம் பேசுற நேரம், பேரைப் போடாத எண்டு திரும்பவும் சொல்லுறன்.

கார்த்திகையில வாறன் எண்டியாம். கார்த்திகை வேண்டாம், இயக்கத்தில செத்தவையை நினைக்கிற மாவீரர் நாள் மாசம், எல்லாரையும் கூடத்தான் பாப்பினம். பொங்கலுக்குப் பிறகு வா. வரேக்க போனில எழுதி வைச்சிருக்கிறதெல்லாத்தையும் அழிச்சிட்டு வா. இல்லை அழிக்காத, அங்க நம்பிக்கையான ஆரிட்டையும் குடுத்து வைச்சிட்டு வா.

அம்மா