வலிக்காத ஆணி

ஏற்காடு,
கார்த்திகை மழையில்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் புது வீட்டில் பால் காய்ச்சியது, எடப்பாடியில் பங்காளிகள் வாய்க்கால் வரப்புக்கு அடித்துக்கொண்டது, உன் வீட்டுக்காரி, அதுதான் என் தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது எல்லாம் படித்தேன். நாலு பக்கம் எழுதி முடித்து, உறையில் போடும் நேரத்தில் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஆணி மாதிரி தடித்திருக்கிறது, ஆனால் வலியே இல்லை, அதனால் இந்தத் தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடந்துவிடலாம் என்று. மற்ற சங்கதிகளுக்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் அந்த ஓரத்து வரி.

வலியே இல்லை என்பதை நீ நல்ல சேதியாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. கால் ஆணி என்றால் வலிக்க வேண்டும், மாப்பிள்ளை. ஆணி உள்ளவன் வெறுங்காலோடு தரையில் அடி வைத்தால் முகத்தைச் சுளிப்பான், பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உனக்கு, உடம்பின் பாரமெல்லாம் இறங்குகிற இடத்தில் தோல் காய்த்துப்போயும் வலி தெரியவில்லை என்றால், காலில் நரம்பு மரத்துப்போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து ஜன்னலில் நின்ற காலத்தில் முகங்களுக்குச் சமமாகக் கால்களையும் பார்த்தவன் நான். சமவெளியில் மருந்தாளுநர் என்றால் சீட்டைப் படித்து மாத்திரை எண்ணிக் கொடுப்பவன். இங்கே எஸ்டேட் ஜனங்கள் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் ஜன்னலில் வந்து சொல்வார்கள். ஒருமுறை எஸ்டேட் காவல்காரர் ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். அவர் நடந்து வந்த வழியில் சிமெண்டுத் தரையில் அடிக்கு ஒரு ரத்தப் பொட்டு. செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழலவில்லை. ரப்பர் செருப்பின் அடியில் ஏறிய இரும்பாணி பாதத்துக்குள் போய் இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது. ஒண்டிக்கடைப் பக்கமிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். "செருப்பு இன்றைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது சார்" என்றார், அவ்வளவுதான்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று ஊரே நம்பிய காலம் ஒன்று இருந்தது அல்லவா? 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர்தான் அதை மாற்றிக் காட்டினார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். விரல் போவது அப்படித்தான். சர்க்கரை நோயாளியின் கால் கெடுவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். அன்று தொழுநோயாளிகளுக்கு உதவிய எம்.சி.ஆர். செருப்பைத்தான், பஞ்சு போன்ற நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பு அது, இன்று மரத்துப்போன கால்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இப்போது உன் ஆணிக்கு வருகிறேன். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். தடித்த தோலுக்கு உள்ளே கருஞ்சிவப்பாகப் புள்ளியோ நிழலோ தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே மூடியாக இருக்கும் தோலுக்கு அடியில் புண் குழிந்துகொண்டே போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. ஈரம், வாடை, சுற்றிலும் சிவப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மறுநாள் என்று தள்ளாதே. இன்னொன்றையும் பார்த்துக்கொள். ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாக, வீங்கி, சிவந்து இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி. பாதத்து எலும்புகளே உள்ளுக்குள் நொறுங்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

பிளேடால் சீவுவது உன் அப்பா காலத்துப் பழக்கம். அதைச் செய்யாதே. மருந்துக்கடையில் விற்கிற ஆணிப் பிளாஸ்திரி வேண்டாம். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். நல்ல காலுக்கு அது தடித்த தோலைக் கரைக்கும், உன் காலுக்கு நல்ல தோலையும் சேர்த்துக் கரைத்துப் புண்ணாக்கும். எருக்கம்பால் விடச் சொல்லி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள், நம் பக்கத்தில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது வெந்து கொப்பளம் போடும். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பதும் உனக்கு ஆகாது. சூடு தெரியாத காலைச் சூட்டில் வைத்துவிட்டு ஊறுகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோல் உரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிக்கும் நீரைக்கூட முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்று.

சேலம் வந்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உன் ஊர் சுகாதார நிலையத்தில் கேள். இந்தக் கால்களுக்காகவே அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சோதனை மிகச் சின்னது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று நீ சொல்ல வேண்டும். பிறகு இசைக்கவை என்கிற இரு முனை உலோகக் கருவியை அதிரவைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார்கள். கணுக்காலில் நாடி பார்ப்பார்கள், ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று. ஊசி கிடையாது, மருந்து கிடையாது.

சரி, என் சங்கதி. கால்களைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்கிற எனக்கும் இந்த வருஷம் குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் உயிர் போகும். பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடுகிற தடித்த நார்ப்பட்டை நைந்துபோவதால் வருவது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முள்ளாக வளர்ந்திருப்பது தெரிந்தது. உன் தங்கச்சி, அதுதான் என் வீட்டுக்காரி, அதை வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று ஒரு பாட்டம் அழுதாள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் சமாதானப்படுத்தினார். எழுந்திருக்கும் முன்பே கால் விரல்களைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் சதையை நீட்டுவது, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது, வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுவது, இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பாட்டில் உருட்டுகிற வேலை உனக்கு வேண்டாம், குளிர்ச்சியும் உன் காலுக்குத் தெரியாது. வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறேன் என்று என் அக்கா இன்னமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூஜை அறைப் பக்கம் போகாமல் இருந்தால் போதாதா?

இங்கே இது காப்பிப் பழம் பறிக்கிற காலம். மழையும் விடவில்லை. பறிக்கிற பெண்கள் நாள் முழுக்க நனைந்த ரப்பர் பூட்ஸில் நிற்கிறார்கள். மாலையில் கழற்றினால் விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறிப்போய், தோல் பிரிந்து, அரிப்புத் தாங்க முடியாது. சேற்றுப்புண். கீழே ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு கழுவுகிற தொட்டியடியில் நிற்பவர்களுக்கும் இதே கதை. மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் போடுவார்கள், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆனால் இது பூஞ்சை. க்ளோட்ரிமசோல் மாதிரி ஒரு களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் சில வாரம் தொடர்ந்து தடவினால்தான் வேரோடு போகும். எல்லோரும் அரிப்பு நின்ற அன்றே டியூபைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. சீட்டு இல்லாமல் கடையில் கேட்டால், பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். தடவிய மறுநாளே அரிப்பும் சிவப்பும் காணாமல் போகும், 'கைராசிக் கடை' என்று பெயர் வாங்கிவிடும். உள்ளே பூஞ்சை குளிர் காய்ந்துகொண்டு வளர்ந்துகொண்டிருக்கும். நிறுத்திய சில நாளில் பாதம் முழுக்கப் படர்ந்து, பிறகு எந்த மருந்துக்கும் லேசில் மசியாது. மருந்து கொடுத்துப் பிழைத்தவன் நான், எங்கள் ஆட்களே இதைச் செய்வதைப் பார்க்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை. கடைத்தெருவில் இதற்காக இரண்டு பேரிடம் பகையே தேடிக்கொண்டேன்.

உனக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. விரல் இடுக்கில் ஒரு சின்னப் பிளவு போதும், கிருமி உள்ளே போய்க் கால் முழுக்கச் சிவந்து வீங்க. கால் கழுவியதும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடை. குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நல்லது, தேங்காய் எண்ணெய்கூடப் போதும். ஆனால் எண்ணெயை இடுக்கில் விடாதே. நகத்தை நேராக வெட்டு. ஓரத்தைத் தோண்டித் தோண்டி எடுப்பதால்தான் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைக்கிறது. உன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பேரனை விட்டு வெட்டச் சொல்.

தங்கச்சியின் காலையும் ஒரு பார்வை பார். அவளுக்கும் எல்லையில் சர்க்கரை இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நம் சேலத்து வெள்ளிக்குப் பெருமை பேசுகிறோம், கொலுசு இங்கிருந்து எங்கெங்கோ போகிறது. கல்யாணத்தன்று போட்ட மெட்டி முப்பது வருஷம் கழித்து அதே விரலுக்குச் சரியாக இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. கால் வீங்க வீங்க மெட்டி சதைக்குள் புதைந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு அப்படி ஆகி, செவ்வாய்ப்பேட்டைப் பத்தர் ஒருவர்தான் வந்து எடுத்தார். மெட்டிக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் சிரமப்பட்டுச் செருகி, அந்தத் தகட்டின் மேல் சிறு ரம்பத்தால் இழுத்து இழுத்து அறுத்தார். எடுத்ததும் அடியில் வெள்ளையாக ஈரப்புண், மெட்டி கிடந்த வட்டத்துக்கு அப்படியே. அந்த அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, மெட்டியைக் கழற்றச் சொல்வார்களே என்று பயந்து. தங்கச்சியிடம் சொல், வாய் விரிந்த மெட்டியாக மாற்றிக்கொண்டால் போதும், கழற்றத் தேவையில்லை.

இனி பழனி. தைப்பூசம் முடிந்து போய் மலை மேல் இரவு தங்குகிற உரிமை உங்கள் எடப்பாடிக் காவடிக்கு மட்டும்தான் என்று நீ பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி என் காது புளித்தது. அதை விடச் சொல்லவில்லை. கால் சோதனையில் சுத்தமாக இருந்தால், டாக்டர் சம்மதித்தால், செருப்போடு கொஞ்ச தூரம் நட. புதுச் செருப்போடு கிளம்பாதே, இப்போதே வாங்கி வீட்டுக்குள் பழக்கு. சாயங்காலத்தில் போய் வாங்கு, அப்போதுதான் கால் முழு அளவுக்கு இருக்கும். வெள்ளைக் காலுறை போடு, கசிந்தால் கறை தெரியும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார். இரவு தங்குகிற இடத்தில் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள். மத்தியான வெயிலில் கோயில் கருங்கல்லில் வெறுங்காலை வைக்காதே, மற்றவர்கள் குதித்துக்கொண்டு ஓடுவார்கள், நீ நிதானமாக நடந்துகொண்டிருப்பாய்.

புண் ஏதாவது இருப்பதாகச் சொன்னால் நடைப்பயணம் கிடையவே கிடையாது. அடிவாரம் வரை வண்டியில் போ, மலைக்கு விஞ்ச் இருக்கிறது, சாயங்காலம் ஏறிக் காவடிக்காரர்களோடு மேலே தங்கு. விஞ்ச்சில் வந்தவன் என்று முருகன் கணக்கு எழுதி வைக்கப்போவதில்லை. உன் பங்காளிகள் கேலி பேசினால் என் பெயரைச் சொல்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டுகளையும், நீ தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துப் போ. தேய்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தே எங்கே அழுத்தம் விழுகிறது என்று சொல்லிவிடுவார்கள். காலைப் பார்க்காமலே சர்க்கரைக்கு மாத்திரை எழுத ஆரம்பித்தால், கூச்சப்படாமல் காலைத் தூக்கி நீட்டு. என்ன சொன்னார்கள் என்பதைத் தபாலில் எழுதிக்கொண்டிருக்காதே, அன்று இரவே போன் செய்.

இந்தக் கடிதத்தோடு காப்பித்தூள் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். சிக்கரி கலக்காதது, தங்கச்சியை டிகாஷன் கொஞ்சம் கெட்டியாக இறக்கச் சொல். உனக்குச் சர்க்கரை இல்லாமல்தான்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை.