கருப்புப் பவளம் கருப்பாக இருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அந்தமான் கடல் பற்றி வந்த கட்டுரையில் ஒரு கருங்கிளையின் படத்தைப் போட்டு, 'கருப்புப் பவளம் - ஆன்டிபேத்திஸ் டைகோட்டோமா' என்று எழுதியிருந்தீர்கள். நான் ஹேவ்லாக்கில் 11 வருடமாக ஸ்கூபா வழிகாட்டி. படத்தைக் கைபேசியில் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளையில் இருந்த ஒவ்வொரு பாலிப்புக்கும் (பவளத்தைக் கட்டுகிற குட்டி உயிர்) எட்டுக் கைகள், அதுவும் இறகு மாதிரி ஓரம் பிசிறியவை. அது கடல் விசிறி, வேறு வகைப் பவளம். கருப்புப் பவளத்துக்குக் கை ஆறுதான், பிசிறும் கிடையாது.

நிறத்தை நம்பி நானும் ஏமாந்தவன்தான். வந்த புதிதில், 20 மீட்டர் ஆழத்தில் மஞ்சளும் பச்சையுமாகச் சுருண்டு நின்ற ஒன்றை யாரோ விட்டுப்போன கம்பி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். சாட்டைப் பவளம்! அதுவும் கருப்புப் பவளத்தில் சேர்ந்ததுதான். உயிரோடு இருக்கையில் வெள்ளை, மஞ்சள், துரு நிறம் என்று எப்படியும் இருக்கும்; கருப்பெல்லாம் உள்ளே இருக்கிற எலும்புக்குத்தான். செத்த கிளை ஒன்றை ஓர் ஆராய்ச்சி மாணவி லென்ஸில் காட்டினார். பூனை நாக்கு போல, மேலெல்லாம் பொடி முட்கள். சில கடல் விசிறிகளின் தண்டும் கருப்புதான், ஆனால் இந்த முள் இருக்காது.

சாட்டைப் பவளத்தில் பாலிப்புகள் ஒரே வரிசையாக இருந்தால் ஸ்டிகோபேத்திஸ் என்ற பேரினம், தண்டைச் சுற்றிப் பரவியிருந்தால் சிர்ரிபேத்திஸ் என்ற பேரினம். டார்ச் அடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் இதுவரை சொல்லலாம். அதற்கு மேல் இனப்பெயர் வேண்டுமென்றால் முள்ளின் உயரத்தையும் வடிவத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். நீங்கள் போட்ட டைகோட்டோமா என்பது மத்தியதரைக் கடல் பவளம் ஒன்றுக்கு 1766-ல் வைத்த பெயர். ஹவாயில் நகை செய்கிற பவளத்தையும் பல காலம் அப்படியே அழைத்தார்கள். அது வேறு இனம் என்று 2009-ல்தான் ஆன்டிபேத்திஸ் கிரிக்கி என்ற புதுப்பெயர் வந்தது. அத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்த பவளத்துக்கே இந்தக் கதி. படத்தைப் பார்த்து இனப்பெயர் போடாதீர்கள். 'கடல் விசிறி' என்று ஒரு வரி திருத்தம் வந்தால் போதும்.

அப்புறம், கட்டுரையைப் படித்துவிட்டு வந்த இரண்டு பேர், கருப்புப் பவள வளையல் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது கருப்புப் பவளம். கடல் விசிறியும்தான்.

- ஸ்கூபா வழிகாட்டி,
ஹேவ்லாக், அந்தமான்