நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் டிஸ்பிராக்சியா இருக்கலாம்: அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு 9 வயது. செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் வாசிப்பான். ஆனால் சட்டைப் பட்டனை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். செம்பில் தண்ணீர் எடுத்து வந்தால் பாதி தரையில் இருக்கும். நொண்டி விளையாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. அவன் இரண்டு வரி எழுதுவதற்குள் கரும்பலகையை அழித்துவிடுவார்கள். வகுப்பில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர்.

இரண்டு வருடம் அலைந்தோம். எலும்பு, நரம்பு, கண் என்று ஒவ்வொரு ஓ.பி.யிலும் சீட்டு வாங்கி நின்றோம். ‘எல்லாம் நார்மல்மா, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்றார்கள். கற்றல் குறைபாட்டுச் சோதனையும் நடந்தது. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தான். கணக்கும் போட்டான். சரி, பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் அவனைப் பந்து பிடிக்கவும் ஒற்றைக்காலில் நிற்கவும் சொல்லிப் பார்த்தார், கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார். டிஸ்பிராக்சியா, அதாவது கை கால் அசைவை மூளையால் சரியாகத் திட்டமிட முடியாத நிலை. அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். திரும்பும்போது பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். அவனை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டுக்குத் தரும் விளக்கத்திலேயே டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சோதனையோ பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கைச் சுற்றியே இருக்கிறது. கை கால் அசைவைத் திட்டமிடுவதில் மூளைக்கு உள்ள சிக்கல் அதில் எப்படித் தெரியும்? பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். 40 பேர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள்.

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யிலிருந்து பள்ளிக்கு வரும் குழு 18 வயது வரை பார்க்கிறது. அங்கிருந்து குறைபாடுகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வழியும் இருக்கிறது. பட்டன், ஷூ லேஸ், சைக்கிள், சோறு சிந்துவது பற்றி அம்மாவிடம் கேளுங்கள். தசை நோய் இல்லை, மூளை முடக்குவாதம் இல்லை என்று பார்த்ததோடு நிறுத்திவிடாமல் தெரபிஸ்டிடம் அனுப்புங்கள்.

அப்புறம், கண்டறிந்ததைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டுப் போனால், வாயால் சொல்வதைப் பள்ளியில் ஏற்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்